தெண்டம் போட்டால் தண்ணீர்த் திருட்டு நிற்குமா?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம், காவேரிப்பட்டணம் பக்கத்து ஊர் ஒன்றில் ஏரிப் பாசனச் சங்கத்தின் பொருளாளராக இருக்கிறேன். ஏரிக்கு 90 ஏக்கர் ஆயக்கட்டு (பாசன நிலம்). ஏக்கருக்கு இரண்டரை மணி நேரம் என்று முறை வைத்திருக்கிறோம். மடையைத் திறந்து அடைத்து முறைப்படி தண்ணீர் விடுகிற எங்கள் நீர்க்கட்டி இறந்து ஆறு வருஷம் ஆகிறது, அதன்பின் யாரையும் போடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் வாய்க்காலுக்கு சிமென்ட் போட்டுக் கொடுத்தார்கள். அப்போதிருந்து, வாய்க்கால் தொடங்குகிற இடத்தில் நிலம் உள்ள தலைமடைக்காரர்கள் தூர்வாரக்கூட வருவதில்லை. ராத்திரியில் மடையை மாற்றிக்கொள்கிறார்கள். வாய்க்கால் முடிகிற கடைமடை காய்கிறது. போன வருஷம் 500 ரூபாய் தெண்டம் கொண்டுவந்தோம். 'நம் ஊரில் தண்ணீர்த் திருட்டு பெருகிவிட்டது' என்று ஏரிக்கரையில் போர்டும் வைத்தோம். திருட்டு கூடியதுதான் மிச்சம். இப்போது தெண்டத்தை 5000 ஆக்குவது, கட்டாதவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊரார் யாரும் போகக்கூடாது என்று கட்டுப்பாடு போடுவது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பெங்களூரில் படிக்கும் என் மகன், "மனுஷன் பிறவியிலேயே சுயநலக்காரன். பரிணாம அறிவியலே அதைத்தான் சொல்லுது. வலுத்தது வாழும். பயம் ஒண்ணுதான் வழி" என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அறிவியல் அப்படித்தான் சொல்கிறதா? சட்டம் எங்களை விடுமா? தெண்ட நோட்டின் பக்கத்தை நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். தலைமடையில் எங்கள் பங்காளிகள் நிலமும் உண்டு. கடைமடையில் இருப்பது காலனிக்காரர்கள், அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை.

பதில்:

ஐயா, வணக்கம்.

உங்கள் கடிதத்தை ஒரு முறை படித்தேன். கூட வைத்திருந்த தெண்ட நோட்டின் நகலை நாலைந்து முறை படித்தேன். கேட்ட கேள்விகளுக்குப் பாதிப் பதில் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மார்கழி முதல் மாசி வரை மொத்தம் 11 வரி. தேதி, பெயர், காரணம், தொகை என்று கோடு போட்டு ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறீர்கள். அந்த 11-இல் ஏழு வரி ஒரே ஆளுடையது. தேதிகளைப் பாருங்கள். முதல் மூன்றுக்கும் நடுவில் பத்து, பன்னிரண்டு நாள் இடைவெளி இருக்கிறது. அப்புறம் எட்டு நாளைக்கு ஒரு தடவை, சந்தைக்குப் போகிற மாதிரி. முதல் இரண்டு தடவை 'இரவில் மடை மாற்றியது' என்று காரணம் எழுதிய நீங்கள், மூன்றாவதிலிருந்து 'மேற்படி' என்று போட்டிருக்கிறீர்கள். ஆறாவது வரியில் தொகை 1000 என்று இருக்கிறது. பக்கத்தில் சின்ன எழுத்தில், 'அடுத்த தடவைக்கும் சேர்த்து'.

அடுத்த வாரம் செய்யப்போகிற தப்புக்கு இந்த வாரமே பணம் கட்டியிருக்கிறார், சங்கமும் வாங்கிப் பெட்டியில் போட்டிருக்கிறது. அவர் மனசில் அது தெண்டமாகவே இல்லை, தண்ணீருக்கு விலையாகிவிட்டது. பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் கேட்டால் ஒரு ராத்திரித் தண்ணீர் 500 ரூபாய்க்குக் கிடைக்குமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரிலேயே மலிவான தண்ணீரை நம் சங்கம் விற்றிருக்கிறது.

இது உங்கள் ஊரில் மட்டும் நடந்ததில்லை. இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் 10 குழந்தைக் காப்பகங்களில் இதே விஷயத்தைச் சோதித்துப் பார்த்து, யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2000-இல் எழுதினார்கள். சாயங்காலம் நாலு மணிக்குப் பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டும். சில பெற்றோர் தாமதமாக வருவார்கள், ஒரு ஆசிரியை அதுவரை காத்துக்கிடப்பார். ஆறு காப்பகங்களில் மட்டும், 10 நிமிஷத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதம் குறையும் என்றுதான் யாரும் நினைப்போம். அது வாரத்துக்கு வாரம் ஏறி, ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அதைவிட முக்கியமானது அப்புறம் நடந்தது. அபராதத்தை எடுத்த பிறகும் பழைய நிலைமை திரும்பவில்லை. முன்பெல்லாம் 'ஐயோ, அந்த அம்மா நமக்காகக் காத்திருக்கிறாரே' என்ற கூச்சம் பெற்றோரை ஓடிவர வைத்தது. பணம் வந்ததும் அந்தக் கூச்சம் போய்விட்டது. போனது சீக்கிரம் திரும்பி வரவில்லை.

அதனால்தான் முதலில் இதைச் சொல்கிறேன்: இந்தத் தெண்டத்தை உடனே நிறுத்துங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் அந்த 'மேற்படி' இன்னும் நாலு பேருக்குப் பழகிவிடும்.

சரி, 500-க்குப் பதில் 5000 என்றால் பயம் வராதா? கொஞ்ச நாளைக்கு வரலாம். நான் தருமபுரியில் 24 வருஷமாக வக்கீல் தொழில் செய்கிறேன், சமீப வருஷங்களில் சமரச மையத்தில் சமரசராகவும் உட்காருகிறேன். வரப்பு, வாய்க்கால், பாதை, இதுதான் என் அன்றாடம். தண்டனை பெரிதாக இருக்கும் இடத்தில் அதை எழுத வேண்டியவரின் கை நடுங்குவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். 5000 ரூபாய் என்று எழுதினால் நாளைக்கு டீக்கடையில் முகத்தில் முழிக்க வேண்டுமே என்று நினைப்பீர்கள். எழுதாமல் விடுவீர்கள். எழுதினாலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். தண்டனையின் கடுமையைவிட, தப்பு செய்தால் மாட்டுவோம் என்ற நிச்சயம்தான் மனிதரைத் தடுக்கிறது என்று இத்தாலியின் சட்டச் சிந்தனையாளர் பெக்காரியா 1764-லேயே எழுதினார். அதன்பின் வந்த குற்றவியல் ஆய்வுகள் பெரும்பாலும் அவர் பக்கம்தான் நிற்கின்றன.

அந்த நிச்சயத்தை உங்கள் ஊரில் யார் கொடுத்துக்கொண்டிருந்தார்? செத்துப்போன அந்த நீர்க்கட்டி.

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். எங்கள் ஏரியின் நீர்க்கட்டித் தாத்தாவை இப்போதும் கண்ணுக்குள் பார்க்கிறேன். தோளில் மண்வெட்டி, கையில் அரிக்கேன் விளக்கு. மடையை மண் வைத்து அடைத்ததும் அதன்மேல் குதிகாலால் ஓங்கி ஒரு மிதி மிதிப்பார். அந்தக் குதிகால் தடம்தான் அவருடைய பூட்டு. ராத்திரி யாராவது வெட்டிவிட்டு மறுபடி அடைத்தால் மண் இருக்கும், தடம் இருக்காது. காலை 6:40 டவுன் பஸ்ஸின் ஹாரன் கேட்டால் ஒருவர் முறை முடிந்தது, அடுத்தவர் முறை ஆரம்பம். எங்கள் சித்தப்பா ஒரு தடவை மடையை வெட்டிவிட்டார். மறுநாள் விடியற்காலை தாத்தா எங்கள் வாசலில் வந்து நின்றார். "ராத்திரி இந்தப் பக்கம் பூனை வந்துச்சாம்மா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி பாட்டியிடம் கேட்டார். அவ்வளவுதான், போய்விட்டார். சித்தப்பா அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை. அடுத்த முறையில் இரண்டு மணி நேரம் குறைத்துக்கொண்டார்கள், அவரும் வாய் திறக்கவில்லை.

தாத்தாவுக்குக் கூலி, அறுவடையில் ஏக்கருக்கு இத்தனை வள்ளம் நெல். தலைமடை, கடைமடை எல்லாரும் ஒரே கணக்கு. கடைமடை காய்ந்தால் அவர் வீட்டுக் குதிரிலும் அந்த அளவு குறையும். கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர்கிறதா என்று அவர் நடுராத்திரியில் நடந்தது நல்ல மனசுக்காக மட்டும் இல்லை. நல்ல மனசும் வயிற்றுப்பாடும் ஒரே வாய்க்காலில் ஓடுகிற மாதிரி யாரோ முன்னோர்கள் யோசித்து வைத்திருந்தார்கள்.

இப்போது உங்கள் மகன் கேள்விக்கு வருகிறேன். தம்பி சொல்வது தப்பு என்றாலும் அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. படித்தவர்கள் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். 'வலுத்தது வாழும்' என்று நாம் தமிழில் சொல்லிக்கொள்கிற தொடர் முதலில் டார்வினுடையது இல்லை. ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1864-இல் உருவாக்கியது, டார்வின் பிற்பாடு எடுத்துக்கொண்டார். அதிலும் பேசப்படுவது வலிமை இல்லை, சூழலுக்குப் பொருந்துவது. மனிதனைப் பற்றி 1871-இல் எழுதியபோது டார்வின், ஒருவருக்கொருவர் உதவத் தயாரான ஆட்கள் நிறைந்த கூட்டம் மற்றக் கூட்டங்களை வெல்லும் என்றுதான் சொன்னார். உறவுக்காரருக்கு உதவும் குணம் எப்படித் தலைமுறை தாண்டி வரும் என்று உயிரியலாளர் ஹாமில்டன் 1964-இல் கணக்குப் போட்டுக் காட்டினார். உறவே இல்லாதவர்களுக்குள் கைமாற்று உதவி எப்படி நிலைக்கும் என்று இன்னொரு உயிரியலாளர் ட்ரிவர்ஸ் 1971-இல் விளக்கினார். நடக்கப் பழகிக் கொஞ்ச நாளே ஆன 18 மாதக் குழந்தைகளை வைத்து ஜெர்மனியில் வார்னெகன், தோமசெல்லோ இருவரும் சோதித்தார்கள். துணி காயப்போடுகிற ஆளின் கையிலிருந்து கிளிப் விழுந்து, அவர் எட்டி எட்டிப் பார்த்தால், யாரும் சொல்லாமலே குழந்தை எடுத்துக் கொடுக்கிறது. 2006-இல் வெளிவந்த ஆய்வு அது.

அதற்காக எல்லாரும் நல்லவர்கள் என்று அறிவியல் சொல்வதாக நான் உங்களை ஏமாற்ற மாட்டேன். சூரிக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களிடம் பொதுப் பானை ஒன்றுக்குப் பணம் போடும் விளையாட்டு வைத்தார்கள். பானையின் பலன் போட்டவர், போடாதவர் எல்லாருக்கும் பங்கு. மற்றவர்கள் இவ்வளவு போட்டால் நீ எவ்வளவு போடுவாய் என்று ஒவ்வொரு தொகைக்கும் கேட்டு எழுதி வாங்கினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர், மற்றவர்கள் கூடப் போட்டால் தாங்களும் கூடப் போடுகிறவர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, யார் எவ்வளவு போட்டாலும் தாங்கள் ஒன்றும் போடாதவர்கள். ஏரி வேலைக்குக் கூப்பிடும்போது நம் ஊர்களில் கேட்கிற பேச்சு இதுதான்: "அவன் வந்தா நானும் வரேன்." அந்தப் பாதிப் பேரை நம் பக்கம் வைத்துக்கொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது. திருடுகிறவனை அவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தால், அடுத்த வருஷம் அவர்களும் மடையை வெட்டுவார்கள்.

உங்கள் போர்டை எடுத்துவிடச் சொல்வதும் இதனால்தான். அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள பூங்கா ஒன்று இருக்கிறது. வருகிறவர்கள் துண்டுகளை எடுத்துப்போவது அங்கே பெரிய தொல்லை. ராபர்ட் சியால்டினி என்ற உளவியல் பேராசிரியரும் கூட்டாளிகளும் விதவிதமான அறிவிப்புகளை வைத்துப் பார்த்தார்கள். 'நிறையப் பேர் எடுத்துப் போய்விட்டார்கள்' என்ற பொருளில் வைத்த அறிவிப்புக்குக் கீழேதான் திருட்டு கூடுதலாக இருந்தது. 'தண்ணீர்த் திருட்டு பெருகிவிட்டது' என்று எழுதினால் படிக்கிறவன் மனசில் பதிவது, 'எல்லாரும்தான் செய்கிறார்கள்'. உங்கள் ஆயக்கட்டில் முறையை மீறாதவர்கள்தான் இன்னும் அதிகம், நோட்டே அதற்குச் சாட்சி. போர்டில் எழுத வேண்டுமென்றால் அதை எழுதுங்கள்.

மகனிடம் இன்னொன்றும் பேசுங்கள். ஒருவேளை மனிதன் சுயநலக்காரன்தான் என்று நாளைக்கே நிரூபணம் ஆனாலும், அதிலிருந்து 'அப்படித்தான் இருக்க வேண்டும்' என்று வந்துவிடாது. இருக்கிறது என்பதிலிருந்து இருக்க வேண்டும் என்பதற்குத் தாவ முடியாது என்று தத்துவவாதி டேவிட் ஹியூம் 18-ஆம் நூற்றாண்டிலேயே சொன்னார். சட்டம் படித்த எனக்கு இது வெறும் தத்துவம் இல்லை. டார்வின் மனிதனைப் பற்றி எழுதிய அதே 1871-இல்தான் ஆங்கிலேயர் குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். திருட்டு ரத்தத்தில் வருகிறது என்று சொல்லிச் சில சாதிகளை மொத்தமாகக் குற்றவாளிகள் என்று பதிவு செய்தார்கள். 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த குழந்தைக்கும் அந்த முத்திரை, பெரியவர்களுக்கு ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் கைரேகை. நாடு முழுக்க அது ஒழிந்தது 1952-இல். 'இவர்கள் இயற்கையிலேயே இப்படி' என்ற பேச்சு சட்டமானால் என்ன நடக்கும் என்று நம் தமிழ்நாட்டுக்கு வேறு யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கடைமடைக்கு எத்தனை மணி நேரம் நியாயம் என்று எந்த மரபணுவும் சொல்லாது. நீங்கள் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் அது. எடுத்த முடிவை நிஜமான மனிதர்கள் எப்படிக் காப்பாற்றுவார்கள், எந்த இடத்தில் வழுக்குவார்கள் என்று சொல்வதில்தான் அறிவியலால் உதவ முடியும்.

வழுக்கும் இடம் ஒன்று உங்கள் நோட்டிலேயே தெரிகிறது. மனசு வருத்தப்படாமல் கேளுங்கள். அந்த ஏழு போக மீதி நாலு வரியில் உங்கள் பங்காளிகள் பெயர் ஒன்றுகூட இல்லை. அவர்கள் நிலமும் தலைமடையில்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் ஒரு ராத்திரிகூட மடையைத் தொடவில்லை என்றால் சந்தோஷம். தொட்டிருந்து, உங்கள் கை எழுதாமல் விட்டிருந்தால் அதிலும் ஆச்சரியம் இல்லை. ரத்த சொந்தத்துக்குக் கண் கொஞ்சம் மூடுவது ஹாமில்டன் கணக்குப்படி எதிர்பார்க்கக்கூடியதுதான். அது இருக்கிறது என்று தெரிந்ததால்தான் 'தன் வழக்கில் தானே நீதிபதியாகக் கூடாது' என்று சட்டம் விதி வைத்தது. அதனால் நோட்டு உங்கள் கையில் இருக்கட்டும், எழுதுவது இன்னொருவராக இருக்கட்டும்.

மீதி நாலில் இரண்டு வரி, 'வாய்க்காலில் மாடு இறக்கியது'. அந்த இரண்டு பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் 'காலனி' என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றப் பெயர்களுக்குப் பக்கத்தில் எந்தத் தெருவும் இல்லை. அரசு ஆவணங்களிலிருந்தே அந்தச் சொல்லை நீக்குவதாக 2025-இல் சட்டமன்றத்தில் அறிவித்துவிட்டார்கள், நம் நோட்டிலிருந்தும் எடுத்துவிடுவோம். ஆனால் சொல்லை எடுத்தால் போதாது. முறை மீறி ராத்திரியில் தண்ணீர் எடுத்தவருக்கும் 500, காய்ந்த வாய்க்காலில் மாட்டை இறக்கியவருக்கும் 500. இதில் இழந்தவர் யார்? கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் யார் வயல் காய்ந்தது?

தண்டிக்கிற ஆசையும் மனிதனோடு பிறந்ததுதான். எர்ன்ஸ்ட் ஃபெர், சைமன் கேக்டர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002-இல் காட்டியது அது. பொதுப் பானைக்குப் பணம் போடாதவரைத் தண்டிக்க, தன் கைக்காசைச் செலவழிக்கவும் மக்கள் தயார், இனிமேல் அவரைப் பார்க்கவே போவதில்லை என்றாலும்கூட. தண்டனை இருந்தால் ஒத்துழைப்பு கூடியது. அதே கேக்டரும் கூட்டாளிகளும் பிறகு 16 நகரங்களில் அந்த விளையாட்டை வைத்தபோது வேறொன்று வெளிவந்தது. சில ஊர்களில், நிறையப் பணம் போட்ட நல்லவர்களையே மற்றவர்கள் தண்டித்தார்கள். அங்கே ஒத்துழைப்பு கூடவில்லை. தண்டனை யார் கையில் இருக்கிறது, யார் மேல் விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். 'நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது' என்ற கட்டுப்பாட்டை உங்கள் ஊர்க்கூட்டத்தின் கையில் கொடுத்தால், அது தலைமடையில் இருக்கும் வசதிக்காரர் மேல் எத்தனை தடவை விழும், மாடு இறக்கியவர்கள் மேல் எத்தனை தடவை விழும்? உங்கள் நோட்டை வைத்தே யோசியுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சங்கம் பதிவு செய்திருந்தால், ஒப்புக்கொண்டு சேர்ந்த உறுப்பினர்களிடம் விதிமுறைப்படி சந்தாவும் நியாயமான தொகையும் கேட்கலாம். மிரட்டி வாங்கினால் அது பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 308-ஆவது பிரிவில், மிரட்டிப் பணம் பறித்தலில் போய் நிற்கும். கட்டப்பஞ்சாயத்து முழுக்கச் சட்டவிரோதம் என்று உச்ச நீதிமன்றம் 2011-இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஆறுமுகம் சேர்வை வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஒதுக்கிவைக்கப்படுகிற குடும்பம் பட்டியல் சாதியைச் சேர்ந்ததாக இருந்தால் விஷயம் இன்னும் கடுமை. 2015-இல் திருத்திய வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் சமூகப் புறக்கணிப்பு, அதற்கான மிரட்டல் இரண்டுமே குற்றம். தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் வருவீர்கள். மறுபக்கம், பாசனத் தண்ணீரைக் குறைத்து விவசாயத்தைக் கெடுக்கிறவருக்கு அதே சன்ஹிதாவின் 326-ஆவது பிரிவில் ஐந்து வருஷம் வரை சிறைக்கு வழி இருக்கிறது. அது கடைசிப் படி. முதல் படியாக வைத்தால் உங்கள் ஊரில் பகைதான் விளையும், நெல் விளையாது. 100 ஏக்கருக்குக் கீழே ஆயக்கட்டு என்பதால் உங்கள் ஏரி ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் வரும். எழுத்து மூலம் எதைக் கேட்பதானாலும் வட்டார வளர்ச்சி அலுவலரிடம் கொடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய சிமென்ட் வாய்க்கால் விஷயத்துக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். பொதுச் சொத்தை மக்களே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதார நோபல் வாங்கிய எலினோர் ஆஸ்ட்ரம், நேபாளத்தில் நூற்றுக்கு மேற்பட்ட பாசன வாய்க்கால்களின் விவரங்களைத் தன் குழுவோடு சேர்த்துப் பார்த்தார். விவசாயிகளே மண்ணும் தழையும் கல்லும் வைத்துக் கட்டிய அணைகள் மழைக்கு மழை உடையும். உடைந்ததைக் கட்ட நிறையக் கை வேண்டும். கடைமடைக்காரர்கள் வராவிட்டால் தலைமடைக்கும் தண்ணீர் கிடையாது. அதனால் தலைமடைக்காரர்கள் அவர்களை மதித்தார்கள், தண்ணீர் கடைசி வரை போனது. வெளியிலிருந்து பணம் வந்து சிமென்டில் நிரந்தரமாகக் கட்டிக் கொடுத்த பல இடங்களில் கடைமடைக்குப் போகிற தண்ணீர் குறைந்துவிட்டது. தலைமடைக்காரர்களுக்கு இனிமேல் யார் கையும் தேவை இல்லை.

உங்கள் ஊரில் நடந்ததும் இதுதான் ஐயா. சிமென்ட் போட்ட வருஷத்திலிருந்து அவர்கள் தூர்வார வரவில்லை என்று நீங்கள்தான் எழுதினீர்கள். மூன்று வருஷத்தில் அவர்கள் குணம் மாறவில்லை, அவர்களுக்கு மற்றவர்கள் தேவை என்ற நிலைதான் மாறியது. சிமென்டைப் பெயர்க்க முடியாது. அந்தத் தேவையை வேறு வழியில் திரும்பக் கொண்டுவரலாம்.

நான் நினைப்பது இது. நீர்க்கட்டியை மறுபடி போடுங்கள், ஆளைக் கடைமடைக்காரர்கள் தேர்ந்தெடுக்கட்டும். தங்களிலிருந்து ஒருவரைச் சொன்னாலும் சரி, ஊர்க்காரர் ஒருவரைச் சொன்னாலும் சரி. எல்லா ஏக்கருக்கும் ஒரே கணக்கில் கூலி வசூலாகட்டும், அதில் பாதியைக் கடைசி வயல் அறுத்த பிறகு கொடுங்கள். மதகுச் சாவி அவரிடம் மட்டும் இருக்கட்டும். முறை மீறியவரிடம் பணம் வாங்கவே வாங்காதீர்கள், எடுத்த மணி நேரத்தை அவருடைய அடுத்த முறையிலிருந்து கழித்து, யார் வயல் காய்ந்ததோ அவருக்குக் கொடுங்கள். தண்ணீரால் செய்த தப்புக்குத் தண்ணீரால் ஈடு. அதற்கு விலை வைக்கவும் முடியாது, முன்பணம் கட்டவும் முடியாது. இரண்டாவது தடவையென்றால் கூட்டத்தில் பெயரைப் படியுங்கள், மூன்றாவதென்றால் இரண்டு முறை தண்ணீர் கிடையாது என்று சொல்லுங்கள். இப்படிச் சின்னதாக ஆரம்பித்துப் படிப்படியாக ஏறுகிற தண்டனையைத்தான், நெடுங்காலம் நிலைத்த பாசன அமைப்புகளில் ஆஸ்ட்ரம் பார்த்தார். ஸ்பெயினின் வலென்சியாவில் இன்றும் வியாழக்கிழமை மத்தியானம் 12 மணிக்குத் தேவாலய வாசலில் தண்ணீர்ப் பஞ்சாயத்து கூடுகிறது. நீதிபதிகள் விவசாயிகளே தேர்ந்தெடுத்த விவசாயிகள். வக்கீல் கிடையாது, வாய்மொழி விசாரணைதான், அங்கேயே தீர்ப்பு. ஆனால் அதற்கு அந்நாட்டுச் சட்டத்தின் அங்கீகாரம் உண்டு. நம் ஊரில் அப்படி இல்லை என்பதால், பேசி முடித்ததை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை, நீதிமன்றத் தீர்ப்புக்கு உள்ள பலம் அதற்கும் உண்டு.

ஏழு வரிக்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவரை ஊர் எதிரியாக்காதீர்கள். விலை வைத்தது சங்கம், வாங்கினார் அவர். பெட்டியில் இருக்கும் அவர் பணத்தை என்ன செய்வது என்று கடைமடைக்காரர்களிடமே கேளுங்கள். நீர்க்கட்டியின் முதல் மாதக் கூலியாக அது போனால் அவருக்கும் கௌரவம் மிஞ்சும்.

'அவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை' என்று எழுதியிருந்தீர்கள். கூப்பிட்டீர்களா? எங்கே கூடுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. கோயில் மண்டபத்தில் என்றால் அவர்கள் ஏன் வருவதில்லை என்று உங்களுக்கே தெரியும். அடுத்த கூட்டத்தை வாய்க்கால் முடிகிற இடத்தில், கடைசி மடைக்குப் பக்கத்தில் வையுங்கள். நீங்களே வீடு வீடாகப் போய்ச் சொல்லுங்கள், மகன் லீவில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வைத்தால் கூலி வேலைக்குப் போனவர்கள் திரும்பியிருப்பார்கள்.